ஒரு சுரம் குறைவாக

பிஸ்மார்க் நகரில் புது ஆளுநர் பதவியேற்கிறார்.
எங்கள் சபையின் கைமணிக் குழு வாசிக்க வேண்டுமாம்.
தடித்த தாளில் அழைப்பு,
வடக்கு டகோட்டா முத்திரையோடு.
பாஸ்டர் அதை முகர்ந்துகூடப் பார்த்தார்.

பன்னிரண்டு பேர் நாங்கள், ஆளுக்கு இரண்டு மணி.
ஒருவர் கை மடக்கினால்
பல் விழுந்த வாய்போலாகும் பாட்டு.

ஆளுநருக்கு இவள் மூன்றாவது மனைவி.
முதலாமவளின் பிள்ளைகள்
எந்தப் பிரசாரப் படத்திலும் இல்லை.
தானியக் கிடங்கு வழக்கில் சத்தியம் செய்து சொன்ன பொய்
நீதிமன்றத் தாளிலேயே இருக்கிறது.
"தாவீது ராஜா மட்டும் யோக்கியனா?" என்றார் லைல்.

போன ஆளுநர் எங்கள் அறுப்பின் பண்டிகைக்கு வந்தபோது
இதே லைல்தான்
கூடத்தைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு
மீன் பிடிக்கப் போனவர்.
அந்த மனிதர் செய்த பாவம்
மேசையில் ஒரு கிளாஸ் ஒயின்,
பிறகு, கட்சி.
நம்மவன் உடைத்தால் மண்குடம்.

சீட்டுப் போட்டோம்.
ஒன்பது வயது பிரிட்டாவுக்கு ஓட்டு இல்லை.
போகலாம் ஆறு, வேண்டாம் ஐந்து.
நான் வெள்ளைக் கையுறைகளைக் கழற்றி
மணிகளின் பக்கத்தில் வைத்தேன்.
"என் மனசாட்சி" என்றேன்.
வெண்ணெய் தடவிய ரொட்டிபோல
அந்தச் சொல் வாயில் நன்றாகத்தான் இருந்தது.

பதவியேற்பு நாள். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
எங்கும் போகாத வண்டிக்கு
எஞ்சின் சூடேற்றியை மாட்டிவிட்டு
சமையலறையில் ரேடியோ முன் உட்கார்ந்தேன்.
அவர் வேதாகமத்தின் மேல் கை வைத்த நேரம்
ரேடியோவில் ஒன்றும் கேட்கவில்லை,
யாரோ இருமினார்கள்.
பிறகு மணிகள்.

நான்காவது அடியில் என் ஓட்டை வரும்.
மாநிலமே அதைக் கேட்கும்.
அதற்காகத்தான் காத்திருந்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

வந்தது என் சுரம்.
சுத்தமாக, அரை மூச்சு தாமதமாக.

அந்தத் தாமதம் எனக்குத் தெரியும்.
ஆர்டிஸ்.
தன் இரண்டோடு என் இரண்டையும் சேர்த்து
நாலு மணி பிடித்திருக்கிறாள்.

தொண்ணூற்றெட்டில் அவள் புருஷனை விட்டு வந்தபோது
ஞாயிறு பள்ளியில் இனிக் கற்பிக்கக் கூடாதென்று
சபை மன்றம் கடிதம் எழுதியது.
ஐந்து கையெழுத்து.
மூன்றாவது என்னுடையது.
ஒரு எழுத்துப் பிழையைக்கூட நான்தான் திருத்தினேன்.
அந்தக் குளிர்காலம் முழுக்க
அவள் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு.
மன்றக் குறிப்பேட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.
பின்னால் கைமணிக் குழுவில் சேர்த்துக்கொண்டோம்,
மணிக்கு வாய் இல்லை, உபதேசம் செய்யாது என்று.

திங்கட்கிழமை தபால் நிலையத்தில்
என் கையுறைகளைத் திருப்பிக் கொடுத்தாள்.
துவைத்து, இரண்டாக மடித்து.
"அந்த ஆளுக்காகவா வாசித்தாய்?"
"நானும் வேண்டாம் என்றுதான் எழுதினேன், ஓர்லின்."
தபால் பெட்டியின் சாவியைத் திருகினாள்.
கை கொஞ்சம் பிடித்துக்கொண்டது.
"உன் சுரம் முடிந்தால்தான் பிரிட்டாவின் சுரம்.
அது வராவிட்டால் பிள்ளை எங்கே நுழைவாள்?"

போகாமல் இருந்தது தவறு என்று
இன்றும் எனக்குத் தோன்றவில்லை.
மறுபடி அழைத்தால் மறுபடியும் போகமாட்டேன்.
ஆனால்
அந்தக் கடிதத்தை அவள் வைத்திருக்கிறாளா,
கிழித்துவிட்டாளா, கேட்க வேண்டும்.
வாயைத் திறந்தேன்.

"இன்னும் இரண்டு நாள் பனி" என்றேன்.

"மூன்று" என்றாள்.